ஆயிரத்தால் வகுத்தால்

சேவையகத்துக்குள் பொருட்களுக்குப் பெயர் இல்லை.
ஆறிலக்க எண்கள்தான்.
714022.
ஆயிரத்தால் வகு, பின்னத்தை எறி:
714.
ஏழு என்றால் கைப்பிடி உள்ளவை,
பதினாலு கோடரி.
மிச்சம் நிற்கும் இருபத்திரண்டு
இருபத்திரண்டாவது கோடரி. துருப்பிடித்தது.
சந்தையில் நாற்பது காசுக்குக் கிடைக்கும்.

இந்தக் கணக்கைப் போட்டவன்
எங்கும் எழுதிவைக்கவில்லை.
வேலையை விட்டு மலைக்குப் போய்
ஆட்டுப்பாலில் சீஸ் செய்கிறானாம்.
ரேத்தோ சொல்கிறான்,
தொலைபேசியையும் அங்கே அணைத்துவிட்டானாம்.

மூன்று வாரமாய் வகுத்துக்கொண்டிருக்கிறேன்
பீல் நகரத்தில், பழைய கடிகாரப் பட்டறையின்
மூன்றாம் மாடியில். கீழே
ஒரே தெருவுக்கு இரண்டு மொழியில் பெயர்ப்பலகை.
மழை இரண்டையும் நனைக்கிறது.
203 மருந்து.
204 மருந்து போலிருக்கும் நஞ்சு.
511 கேடயம்.
512ஐயும் கேடயம் என்றுதான் நினைத்தேன்;
திறந்து பார்த்தால் பானை மூடி.
ஆனாலும் ஐந்தில்தான் வைத்திருக்கிறான்.
யாரோ அதால் ஓர் அடியைத் தடுத்திருக்க வேண்டும்.

ஞாயிறன்று அம்மாவின் அலுமாரியில்
வேறெதையோ தேடும்போது
அந்தச் சாம்பல்நிற அட்டை அகப்பட்டது.
பழைய காப்புறுதி எண், பதினொரு இலக்கம்.
அந்நாளில் அந்த எண்ணும் பேசும்:
முதல் மூன்றில் குடும்பப் பெயர்,
அடுத்த இரண்டில் பிறந்த ஆண்டு,
பிறகு ஆணா பெண்ணா, எந்த மாதம், எந்த நாள்.
ஒன்பதாம் இலக்கம் நாலுக்குள் என்றால்
இந்த நாட்டவர்.
அதற்கு மேல் என்றால் வந்தவர்.

"அப்ப நான் என்ன வகை?"
"ஐஞ்சு."
"ம்."
சோற்றைப் போட்டு, கத்தரிக்காயைத் தள்ளிவைத்து,
பிறகுதான் சொன்னாள்:
"ஆசுப்பத்திரிக் குசினியிலை
என்ரை லொக்கர் எழுபத்தொண்டு.
அந்த நம்பருக்கு ஒரு அர்த்தமும் இல்லை.
திறந்தால் என்ரை செருப்பு இருக்கும்."

இப்போது எல்லோருக்கும்
756இல் தொடங்கும் புது எண்.
வகுத்தாலும் ஒன்றும் சொல்லாது.
சொல்லாமலிருக்கவே செய்தது.

திங்கள் காலை, 938001.
ஒன்பதில் வேறெதுவும் இல்லை.
938இல் இது ஒன்றுதான்.
படம் இருக்கவேண்டிய இடத்தில் வெற்றுச் சதுரம்.
அணிய முடியாது, தின்ன முடியாது,
விற்கவோ கொடுக்கவோ முடியாது.
நிரல் எல்லா நிபந்தனைகளையும் கடந்து இறங்கி
கடைசி வரியில் அதைக் கொட்டுகிறது:
மற்றவை.

"மற்றவையை அழித்துவிடு" என்றான் ரேத்தோ,
"இடம் மிச்சமாகும்."

அழிக்குமுன் எண்ணிப் பார்த்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் இருக்கிறது.
ஒருவர் பதினோரு வருடமாக வைத்திருக்கிறார்.
எறிய மட்டும் வழி இருந்தது, ஒரே சொடுக்கு.
யாரும் எறியவில்லை.
பை நிரம்பிய ஒருத்தி, பதிவேட்டில் பார்த்தேன்,
கோடரியை எறிந்திருக்கிறாள்.
அதே இருபத்திரண்டாவது.

புதன் பின்னேரத் தமிழ் வகுப்பில்
உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் எண்ணி முடித்தபின்
எதிலும் சேராமல் ஒன்று மிஞ்சும்.
கொப்பியில் அதற்குத் தனியாக ஒரு வரி விடுவோம்.
தனிநிலை என்று பெயர்.
அதை வைத்து என்ன செய்வதென்று
அன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது.
வரி மட்டும் விட்டோம்.

இரவு எட்டரை. எழுதுகிறேன்.
938 என்றால்:
விற்கலாமா, இல்லை.
கொடுக்கலாமா, இல்லை.
வைத்திருக்கலாமா
என்றொரு கேள்வியே நிரலில் இல்லை,
புதிதாகச் சேர்த்தேன். ஆம்.
வகையின் பெயருக்கு விட்ட இடத்தில்
மூன்று புள்ளி:
ஃ

நாளை ரேத்தோ பார்ப்பான்.
கணிதம் படித்தவன், அதை
'ஆகவே' என்று வாசிப்பான்.
ஆகவே என்ன என்று
நாற்காலியை என் பக்கம் திருப்புவான்.